ஆன்லைன் கேமில் வளமும் வணிகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பலர் சேர்ந்து விளையாடும் கேம் ஒன்றை உருவாக்குபவர்கள், நண்பர்களுக்காகச் சின்னதாக ஒரு சர்வர் நடத்துபவர்கள், "போன மாசம் இந்த விலை இல்லையே" என்று மார்க்கெட் திரையைப் பார்த்துக் குழம்பும் ஆட்டக்காரர்கள், இவர்களுக்காக எழுதியது இது. உதாரணங்களில் பாதிக்கு மேல் ஈவ் ஆன்லைனிலிருந்து வரும். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-ல் தொடங்கிய விண்வெளி கேம் அது. சீனா நீங்கலாக எல்லா நாட்டினரும் ஒரே சர்வரில் விளையாடுகிறார்கள். கப்பல், பீரங்கி, குண்டு என்று பெரும்பாலான பொருட்களை ஆட்டக்காரர்களே செய்து ஆட்டக்காரர்களுக்கே விற்கிறார்கள். மாதாமாதம் பொருளாதாரக் கணக்கை நிறுவனமே வெளியிடுகிறது. இந்த விஷயத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

கேமுக்குள் பணம் எங்கிருந்து வருகிறது?

கேமே கொடுக்கும் இடங்களிலிருந்து மட்டும்தான். ஈவில் கணினி ஓட்டும் கொள்ளைக் கப்பல் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினால் உங்கள் கணக்கில் இஸ்க் ஏறும் (அந்த கேமின் பணத்துக்குப் பெயர் இஸ்க்). அது யாருடைய பையிலிருந்தும் வரவில்லை, அந்த நொடியில் புதிதாகப் பிறந்த பணம். இதை வரத்து என்போம். மார்க்கெட் வரி, கேமுக்குச் சொந்தமான நிலையங்களில் தரகுக் கட்டணம், கேமே விற்கும் ஸ்கில் புத்தகம் (புதுத் திறன் கற்க வாங்குவது) ஆகியவற்றுக்குக் கொடுக்கும் பணம் யாருக்கும் போய்ச் சேராமல் அழிந்துவிடும். அது வடிகால்.

பலர் தடுமாறுவது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகையில். நீங்கள் தாது வெட்டி இன்னொரு ஆட்டக்காரருக்கு விற்றால் பணம் உருவாவதில்லை, கை மாறுகிறது, அவ்வளவுதான். அதே தாதுவை கேம் நடத்தும் கடையில் போட்டுக் காசாக்க முடிந்தால் அது வரத்து. ஒரே வேலைதான், ஆனால் வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்து பொருளாதாரத்தில் அதன் விளைவு தலைகீழாகிவிடும். எந்தப் பரிசை மாற்றுவதற்கு முன்பும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது பணமாக வருகிறதா, பொருளாக வருகிறதா?

வளம் கிடைக்கும் அளவைக் கூட்டினால் எல்லாரும் சந்தோஷமாக இருப்பார்களே?

இருப்பார்கள், கொஞ்ச நாளைக்கு. ஒரு மணி நேரத்துக்கு 100 கட்டி இரும்பு கிடைத்த இடத்தில் 200 கிடைக்கும்படி செய்தால் முதல் வாரம் எல்லார் கையிலும் காசு புழங்கும். அப்புறம் மார்க்கெட்டில் இரும்பு குவியும், விலை இறங்கும். இரும்பு வேண்டியவர்களின் தேவை கூடாதவரை, தோண்டுபவரின் மணிநேர வருமானம் பழைய இடத்துக்கே வந்து நிற்கும், சில சமயம் அதற்கும் கீழே போகும்.

ஈவில் இது பெரிய அளவில் நடந்தது. 2016 நவம்பர் அப்டேட்டில் ரோர்க்வல் என்ற பிரம்மாண்டமான சுரங்கக் கப்பலுக்குப் புதிய டிரோன்கள் வந்தன. சாதாரண சுரங்கக் கப்பல் பல சேர்ந்து வெட்டுவதை அது தனியாக வெட்டித் தள்ளியது. ஒரே ஆள் பல கணக்குகளைத் திறந்து பல ரோர்க்வல்களை ஓட்டினார். கனிமம் மலிந்தது. கனிமம் மலிந்ததால் டைட்டன் போன்ற ராட்சசக் கப்பல்களைக் கட்டுவதும் சுலபமானது. ஒரு காலத்தில் ஒரு கூட்டணியே சேர்ந்து கட்டி, பெயர் வைத்துக் கொண்டாடிய கப்பல் அது. சில வருடங்களில் பெரிய கூட்டணிகள் அவற்றை நூற்றுக்கணக்கில் வரிசையாக நிறுத்தி வைக்கும் நிலை வந்தது. சிறிய கப்பலில் தனியாகத் தோண்டிய புது ஆளுக்குத்தான் இதில் அடி. அவர் வெட்டும் தாதுவின் அளவு மாறவே இல்லை, அதன் மதிப்பு மட்டும் கரைந்துபோனது.

அப்படியானால் குறைத்துவிட்டால் சரியாகிவிடுமா?

சிசிபி அதையும் செய்து பார்த்தது. 2020-ல் தொடங்கி தாது கிடைக்கும் இடங்களையும் அளவையும் வெட்டினார்கள். ஒரு கனிமம் ஒரு வகைப் பகுதியில் மட்டுமே கிடைக்கும்படி பிரித்துப் போட்டார்கள். 2021 ஏப்ரலில் பெரிய கப்பல்களைக் கட்டும் முறையையே சிக்கலாக்கினார்கள். கணக்குப்படி அவர்கள் காரணம் சரியானதுதான்: தேங்கிக் கிடந்த சரக்கு கரைய வேண்டும்.

ஆனால் தேங்கிக் கிடந்த சரக்கு யாரிடம் இருந்தது? மலிந்த காலத்தில் வெட்டிக் குவித்தவர்களிடம். பற்றாக்குறை அறிவிப்பு வந்த மறுகணமே அவர்கள் கிடங்கின் மதிப்பு எகிறியது. நேற்று சேர்ந்தவருக்கோ தோண்டக் கிடைத்ததும் குறைவு, கப்பல் விலையும் அதிகம். இன்னொரு விளைவும் இருந்தது. கப்பல் விலை ஏறினால் அதை இழக்க மனம் வராது, சண்டை குறையும். சண்டை குறைந்தால் கப்பல் உடைவது குறையும், புதுக் கப்பலுக்கான தேவையும் குறையும். சரக்கைக் கரைக்கவென்று போட்ட திட்டம், சரக்கு கரையும் வழியையே குறுக்கியது. ஆட்டக்காரர்களின் கோபம் பல மாதம் நீடித்தது. 2021 கடைசியில்தான் நிறுவனம் கட்டுப்பாடுகளைத் தளர்த்தத் தொடங்கியது.

என் கருத்து இதுதான்: வரத்தைக் குறைப்பதற்கு முன் பழைய இருப்பு எவ்வளவு, யாரிடம் என்று எண்ணிப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. இருப்பு ஒரு சிலரிடம் குவிந்திருந்தால், அதைப் பயன்படுத்திக் கரைக்கும் புதிய தேவையை முதலில் உருவாக்குங்கள். வரத்தில் வெட்டு அதற்கு அப்புறம்.

உலகத்தில் உள்ள மொத்த வளத்தையே ஒரே அளவாக நிர்ணயித்துவிட்டால் பணவீக்கமே வராதே?

1997-ல் வந்த அல்டிமா ஆன்லைன் அப்படித்தான் ஆரம்பித்தது. மொத்த வளம் ஒரு வட்டத்துக்குள் சுற்றும். பொருள் உடைந்து அழிந்தால்தான் அதிலிருந்த இரும்பும் தோலும் மறுபடி உலகத்தில் முளைக்கும். கேட்பதற்கு அழகான யோசனை. ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? பதுக்கினார்கள். வீட்டுப் பெட்டிகளிலும் வங்கியிலும் சட்டை, கவசம், வாள் என்று அடுக்கி வைத்தார்கள். பெட்டிக்குள் போன வளம் வட்டத்துக்குத் திரும்பவில்லை, அதனால் வெளியே புதிதாக எதுவும் முளைக்கவில்லை. கடைசியில் வட்டத்தைக் கைவிட்டு, வரத்து ஒரு பக்கம் வடிகால் ஒரு பக்கம் என்ற திறந்த முறைக்கு மாறினார்கள். இன்று பெரும்பாலான கேம்கள் அந்த வழியில்தான் இருக்கின்றன.

சுரங்கம் தோண்டுபவருக்கும் சண்டை போடுபவருக்கும் வருமானத்தை எப்படிச் சமன் செய்வது?

மணிக்கு இவ்வளவு என்று இரண்டு பக்கமும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டு முடித்துக்கொள்வதுதான் வழக்கமான தவறு. அளவை விட வகைதான் முக்கியம்.

ஈவில் சில பகுதிகளில் ரோக் டிரோன் எனப்படும் எதிரிகள் உண்டு. அவற்றைச் சுட்டால் முன்பெல்லாம் இஸ்க் வராது, உலோகக் கலவைகள் விழும். அவற்றை உருக்கினால் கனிமம், அதுவும் அரிய வகைகள் உட்பட. ஆக, சண்டைக்காரர் துப்பாக்கியாலேயே சுரங்கம் தோண்டினார். ஆபத்தான பகுதிக்குப் போய், காவலுக்கு ஆள் வைத்து அரிய தாதுவை வெட்டியவர், அதே கனிமத்தைக் குவித்த சண்டைக்காரரோடு மார்க்கெட்டில் போட்டி போட வேண்டியிருந்தது. 2012-ல் சிசிபி அந்தக் கலவைகளை எடுத்துவிட்டு, டிரோன்களைச் சுட்டால் இஸ்க் என்று மாற்றியது. சாதாரண ஆயுதங்கள் லூட்டாக (எதிரியை வீழ்த்தினால் கிடைக்கும் பொருளாக) விழுந்து, அவற்றையும் உருக்கிக் கனிமமாக்கும் வழியும் அப்போது அடைக்கப்பட்டது. கனிம விலை ஏறியது, சுரங்கம் மறுபடி ஒரு தொழிலானது.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. கனிமத்தை நிறுத்தி இஸ்க் கொடுத்ததால் பணத்தின் வரத்து கூடியது. ஆனாலும் அது சரியான முடிவு. இப்போது சண்டைக்காரரிடம் பணம் இருக்கிறது, கனிமம் இல்லை. தோண்டுபவரிடம் கனிமம் இருக்கிறது, பணம் இல்லை. இருவரும் மார்க்கெட்டுக்கு வந்தே ஆக வேண்டும். ஒருவரிடம் இருப்பது மற்றவருக்கு வேண்டும் என்ற நிலை இருந்தால் விலையை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள், நீங்கள் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதில்லை. எல்லாருக்கும் எல்லாம் லூட்டில் கிடைக்கும் கேமில் எவ்வளவு நுணுக்கமாக எண்களைத் திருகினாலும் வணிகம் உயிர் பெறாது.

பெர்லினில் உருவான அல்பியன் ஆன்லைன் இதற்கு இன்னொரு அழகான வழி கண்டது. அரக்கனைக் கொன்றால் கவசம் விழும். அந்தக் கவசத்தைச் செய்தது யார்? ஒரு ஆட்டக்காரர்தான். கேர்லியன் நகரத்துக் கள்ளச் சந்தையில் கைவினைஞர்கள் விற்கும் பொருட்களை கேம் வாங்கி, அவற்றையே அரக்கர்களின் டிராப்பாக வெளியே அனுப்புகிறது. லூட் கைவினைஞரின் பிழைப்பைக் கெடுப்பதற்குப் பதில் அவருக்கு வாடிக்கையாளர் ஆகிறது. நான் பார்த்த தீர்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பெரிய போரில் கோடிக்கணக்கில் அழிகிறதே, அது பணவீக்கத்தைக் குறைக்குமா?

பொருளைக் குறைக்கும், பணத்தைக் குறைக்காது. 2014 ஜனவரி 27-ல் ஈவின் பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்தில் தொடங்கிய சண்டை மறுநாள் வரை நீடித்தது. கட்ட வேண்டிய பராமரிப்புத் தொகை ஒன்று கட்டப்படாமல் போனதில் ஆரம்பித்தது அது. 75 டைட்டன்கள் உட்பட சுமார் 11 லட்சம் கோடி இஸ்க் மதிப்புள்ள கப்பல்கள் நாசமாயின. டாலரில் ஏறத்தாழ 3 லட்சம் என்று மதிப்பிட்டார்கள்.

ஆனால் அந்த இஸ்க் எப்போதோ கைமாறிப் போயிருந்தது. கனிமம் வெட்டியவர், பாகம் செய்தவர், கப்பல் கட்டியவர் ஆகியோரிடம் அது பத்திரமாக இருந்தது. எரிந்தது கனிமம் மட்டும். போதாக்குறைக்கு, காப்பீடு செய்த கப்பல் உடைந்தால் கேம் இழப்பீடு தரும். அது புதுப் பணம். எனவே போர் முடிந்த அன்று பொருள் குறைந்து பணம் கொஞ்சம் கூடியிருக்கும். ஆனாலும் பொருளாதாரத்துக்கு இழப்பு அவசியம். உடைவது நின்றால் தோண்டுபவருக்கும் கட்டுபவருக்கும் வேலை நின்றுவிடும்.

என் கேமில் செத்தாலும் பொருள் போகாது. அப்போது என்ன செய்வது?

பெரும்பாலான கேம்கள் இந்த நிலையில்தான் இருக்கின்றன. வழிகள் உண்டு. பழுதுபார்ப்புக் கட்டணம், குடித்தால் தீரும் மருந்து, ஒருமுறை அணிந்தால் பிறருக்கு விற்க முடியாத கவசம்: இவை பழைய முறைகள், இன்றும் வேலை செய்கின்றன. நியூசிலாந்தில் உருவான பாத் ஆஃப் எக்ஸைல் இன்னும் ஆழமாகப் போனது. அங்கே ஆட்டக்காரர்கள் பணமாகப் பயன்படுத்துவது விதவிதமான உருண்டைகளை. ஒவ்வோர் உருண்டைக்கும் பொருளை மெருகேற்றும் ஒரு வேலை உண்டு, பயன்படுத்தினால் அது தீர்ந்துபோகும். பணமே தன்னைத் தானே கரைத்துக்கொள்கிறது.

ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பின் ஏற்பாடும் பார்க்கத்தக்கது. 2021 டிசம்பரில் அந்த கேமின் பொதுச் சந்தையான கிராண்ட் எக்ஸ்சேஞ்சில் நடக்கும் விற்பனைக்கு 1% வரி போட்டார்கள், பின்னர் அது 2% ஆனது. வரிப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, மார்க்கெட்டில் மலிந்து கிடக்கும் உயர்ந்த ஆயுதங்களை கேமே வாங்கி அழிக்கிறது. பணத்துக்கும் வடிகால், பொருளுக்கும் வடிகால்.

வடிகால் அதிகமானால் ஆபத்து உண்டா?

உண்டு. 2021 செப்டம்பரில் வந்த நியூ வேர்ல்டில் முதல் சில வாரங்களில் அதைப் பார்த்தோம். கதைப் பணிகள் முடிந்ததும் காசு வரும் வழி சுருங்கியது, பழுதுபார்ப்பும் வீட்டு வரியும் தொடர்ந்தன. மூலப்பொருட்கள் மார்க்கெட்டின் அடிமட்ட விலையான 0.01-ல் குவிந்தன. பல சர்வர்களில் ஆட்டக்காரர்கள் பண்டமாற்றில் இறங்கினார்கள். பணவீக்கத்துக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள், ஆனால் கையில் காசில்லாத புது ஆட்டக்காரர் வெளியேறுவது இன்னும் வேகமாக நடக்கும்.

உலகம் முழுக்க ஒரே மார்க்கெட்டா, ஊருக்கு ஒன்றா?

வசதிக்கு ஒன்று, வணிகத்துக்குப் பல. ஒரே மார்க்கெட் இருந்தால் வாங்குவதும் விற்பதும் நொடியில் முடியும், ஆனால் சரக்கு ஏற்றிச் செல்பவர் என்ற தொழிலே இல்லாமல் போகும். ஈவில் வாங்கிய பொருள் விற்றவரின் நிலையத்திலேயே கிடக்கும், நீங்கள்தான் போய் எடுக்க வேண்டும். அதனால் ஜிட்டா என்ற மண்டலத்தின் ஒரு நிலையம் எல்லாருக்கும் தலைநகரச் சந்தையானது. யாரும் அறிவித்து வந்ததல்ல, கூட்டம் சேரச் சேரக் கூட்டம் சேர்ந்தது.

தூரம் எப்படி விலையாகிறது என்பதற்கு 2020-ல் ஒரு நல்ல காட்சி கிடைத்தது. ஜிட்டாவிலிருந்து அடுத்த பெரிய சந்தையான அமாருக்குப் அதுவரை பாதுகாப்பான வழியில் 9 தாவல்கள் (ஒரு மண்டலத்திலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல்), நியார்ஜா என்ற மண்டலம் வழியாக. அந்த ஆண்டு கேமின் கதையில் வந்த டிரிக்லாவியன் என்ற எதிரிகளின் படையெடுப்பில் நியார்ஜா பறிபோனது. பாதுகாப்பான வழி சுற்றிக்கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட தாவல்கள் ஆனது. குறுக்கு வழியும் இருந்தது, ஆனால் அது காவல் குறைந்த பகுதி, வழிப்பறி நடக்கும் இடம். சரக்குக் கூலி ஏறியது, இரு சந்தைகளுக்கும் இடையே விலை வித்தியாசம் விரிந்தது, துணிந்து குறுக்கே ஓட்டியவர்களுக்கு லாபம். பரிசு எதையும் கூட்டாமல், ஒரு பாதையை அடைத்ததிலேயே எத்தனை பேருக்கு வேலை பிறந்தது பாருங்கள்.

ஆக்‌ஷன் ஹவுஸ் (ஏலச் சந்தை) விளையாட்டின் சுவையைக் கெடுக்கும் என்கிறார்களே?

எந்த விளையாட்டு என்பதைப் பொறுத்தது. 2012 மே மாதம் வந்த டயாப்லோ 3-ல் கேம் தங்கத்துக்கு ஒரு ஏலச் சந்தையும், நிஜப் பணத்துக்கு ஒன்றும் இருந்தன. அரக்கனைக் கொன்று ஆயுதம் தேடுவதுதான் அந்த கேமின் உயிர். ஆனால் சந்தையில் நல்ல ஆயுதம் சுலபமாகக் கிடைத்ததால் வேட்டையில் விழுவது எதுவும் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. 2014 மார்ச் 18-ல் இரண்டையும் மூடிவிட்டார்கள். வேட்டையே சந்தோஷமாக இருக்கும் கேமில் சந்தையைச் சற்று எட்டத்தில் வையுங்கள்.

பாட்களையும் (ஆள் இல்லாமல் தானே விளையாடும் நிரல்கள்) நிஜக் காசுக்குத் தங்கம் விற்பவர்களையும் எப்படிக் கட்டுப்படுத்துவது?

வணிகத்தையே பூட்டுவது ஒரு வழி. ரூன்ஸ்கேப் 2008 ஜனவரியில் அதைச் செய்தது: மதிப்பு சமமில்லாத கொடுக்கல் வாங்கலுக்குக் கடும் வரம்பு. தங்கம் விற்பவர்கள் திணறினார்கள். நண்பனுக்கு ஒரு வாள் பரிசு கொடுக்க நினைத்தவரும் திணறினார். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்த ஒரு கருத்துக்கணிப்பில் பத்தில் ஒன்பது பேர் பழைய முறையைக் கேட்க, 2011 பிப்ரவரியில் வரம்பு நீங்கியது.

இன்னொரு வழி, அந்தத் தேவையைக் கேமுக்குள்ளேயே தீர்ப்பது. ஈவின் பிளெக்ஸ், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் டோக்கன் (2015) இந்த வகை. காசு உள்ளவர் நிஜப் பணத்தில் வாங்கி, நேரம் உள்ளவருக்கு கேம் பணத்தில் விற்கிறார். நேரம் உள்ளவர் அதைச் சந்தாவாக மாற்றிக்கொள்கிறார். புதுத் தங்கம் உருவாவதில்லை. எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை, காசு உள்ளவருக்குக் குறுக்கு வழிதானே என்ற கேள்வி நியாயமானது. ஆனாலும் சந்தா கட்ட முடியாத மாணவர் ஒருவர் தன் உழைப்பில் விளையாட முடிகிறது என்பதற்காக இதைப் பூட்டை விட மேலாக நினைக்கிறேன்.

ஒரு பொருளை நகல் எடுக்க விடும் பக் (நிரல் கோளாறு) வெளியானால்?

முதலில் வணிகத்தை நிறுத்துங்கள், அப்புறம் பக்கைத் தேடுங்கள். 2021 நவம்பரில் நியூ வேர்ல்ட் ஆட்டக்காரர்களுக்கிடையே பணமும் பொருளும் கைமாறுவதை மொத்தமாக நிறுத்தி வைத்தது. நகல் பணம் நல்ல பணத்தோடு கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண்ணும், கைமாறிய வரலாறும் சர்வரில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எங்கள் மைன்கிராஃப்ட் சர்வரில் எல்லாரும் கோடீஸ்வரர் ஆகிவிட்டார்கள். எங்கே கோளாறு?

அநேகமாக அட்மின் கடையில். கரும்பு, இரும்பு, பூசணி எதைக் கொண்டுவந்தாலும் நிர்ணய விலைக்கு அளவில்லாமல் வாங்கிக்கொள்ளும் கடை அது. கரும்பு வளர்ந்ததும் அப்சர்வர் பிளாக் உணர்ந்து பிஸ்டனை இயக்கி வெட்டும், ஹாப்பர் பெட்டியில் சேர்க்கும். இரும்பு கோலெம் (வீழ்த்தினால் இரும்பு தரும் இரும்பு மனிதன்) பண்ணையும் அப்படியே. ஆள் தூங்கப் போய்விடுவார், பெட்டி நிரம்பிக்கொண்டே இருக்கும். காலையில் எழுந்து அத்தனையையும் விற்றால், ஒரே கட்டளையில் பல நூறு பேர் உழைத்த அளவுக்குப் புதுப் பணம் உங்கள் சர்வருக்குள் வந்துவிடும்.

செய்ய வேண்டியது இது. தானாக விளையும் பொருள் எதையும் அட்மின் கடை வாங்கக் கூடாது. வாங்கியே தீர வேண்டும் என்றால் ஆளுக்கு ஒரு நாள் வரம்பு வையுங்கள், அல்லது விற்கவிற்க விலை இறங்கும்படி அமையுங்கள். புதியவர்களுக்குக் கொஞ்சம் தொடக்கப் பணம் வேண்டும், அதை தினசரிப் பணிகள் வழியாகக் கொடுங்கள். மற்றபடி ஆட்டக்காரர் கடைகளை ஊக்குவியுங்கள்: சந்தைத் திடலில் இடம், வாராந்தர வாடகை. அந்த வாடகையே நல்ல வடிகால். ஏற்கெனவே குவிந்த பணத்தைப் பிடுங்காதீர்கள், ஆட்கள் போய்விடுவார்கள். பணக்காரர்கள் ஆசைப்பட்டு வாங்கும்படி நிலம், பட்டம், அலங்காரம் என்று விற்று மெதுவாகக் கரையுங்கள்.

எந்தெந்த எண்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்?

சிசிபி 2007-லேயே இதற்கென்று எயோல்ஃபூர் குட்மன்சன் என்ற பொருளாதார நிபுணரை வேலைக்கு வைத்தது. உங்களுக்கு அந்த வசதி தேவையில்லை. ஒரு நாளில் பிறந்த பணம், அழிந்த பணம், இரண்டையும் மூலவாரியாகக் குறித்து வாருங்கள். ஒரே மூலம் பாதிக்கு மேல் கொடுத்தால் அங்கே போய்ப் பாருங்கள். அன்றாடம் எல்லாரும் வாங்கும் பத்துப் பதினைந்து பொருட்களின் விலையைச் சேர்த்து வாராவாரம் ஒப்பிடுங்கள்.

சராசரி இருப்பை நம்பாதீர்கள், இரண்டு பணக்காரர்கள் அதை மேலே இழுத்துவிடுவார்கள். எல்லாரையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரின் இருப்பைப் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது இன்னொன்று: சேர்ந்து பத்து மணி நேரம் விளையாடியவர், தன் முதல் உருப்படியான கப்பலையோ வாளையோ வாங்க இன்னும் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும்? அந்த எண் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால், மற்ற கணக்கெல்லாம் அழகாக இருந்தாலும் அந்த வாரமே கை வைத்துவிடுங்கள்.